குசினி டெப்பை யார் தெரிவு செய்யணும்?

சுடுதண்ணி வராத வீட்டில் சுடுதண்ணிக்கும் சேர்த்து டெப் பூட்டியிருக்கிறதை இப்போது நம்ம பக்கம் அடிக்கடி பார்க்கலாம். தெஹியோவிட்டவைச் சுத்தி இருக்கிற தோட்டங்களில், லயத்துக்குப் பின்னால் பத்தி இறக்கி, தகரம் போட்டு, டைல்ஸ் ஒட்டி, ஸ்டெயின்லெஸ் சிங்க் வைத்து, அதுக்கு மேல கொக்குக் கழுத்து மாதிரி வளைஞ்ச ஒரு மிக்சர் டெப். கைபிடியில் ஒரு பக்கம் சிவப்புப் புள்ளி, மறுபக்கம் நீலப் புள்ளி. குனிஞ்சு சிங்க்குக்குக் கீழ பார்த்தால் சிவப்புப் பக்கத்து ஹோஸுக்கு மூடி போட்டு அடைச்சிருக்கும். இல்லாட்டி ரெண்டு ஹோஸையும் ஒரே பச்சைத்தண்ணி பைப்பில் கொண்டுபோய் மாட்டியிருப்பாங்க. எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே தண்ணிதான். அதுவும் சில வீடுகளில் நூல் மாதிரி வரும்.

நக்கல் பண்ண இதை எழுதவில்லை. அந்த டெப்புக்குப் பின்னால் கொழும்பில் கார்மன்ட்ஸிலோ ஹோட்டலிலோ கடையிலோ நின்னு வேலை செய்த ஒரு பிள்ளையின் பல மாதச் சம்பளம் இருக்கு. "எங்க அம்மா இனிமே வெளியில போய் தண்ணி தூக்கக்கூடாது" என்கிற எண்ணம் இருக்கு. அந்த எண்ணத்தை யாரும் குறை சொல்ல முடியாது. அந்தக் காசு சரியான டெப்புக்குப் போகுதா என்பதுதான் என் கேள்வி.

முதலில், குசினிக்குள் ஒரு டெப் என்பது நம்ம ஆட்களுக்கு என்ன அர்த்தம் என்று பார்க்கணும். பழைய லயக் காம்பரா பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அடுப்பு உள்ளே, தண்ணி வெளியே. பீலிக்கரைதான் குளிக்கிற இடம், துணி துவைக்கிற இடம், குடம் நிரப்புற இடம், ஊர்க்கதை கதைக்கிற இடம், சண்டை பிடிக்கிற இடமும்கூட. பீலிக்கரையைப் பற்றி உருகி உருகிக் கவிதை எழுதுகிற அண்ணன்மார் நம்ம மத்தியில் நிறையப் பேர் இருக்காங்க. அவங்க யாராவது விடியக்காலை நாலு மணிக்கு ரெண்டு குடத்தோடு அங்கே வரிசையில் நின்றிருப்பாங்களா என்று எனக்குச் சந்தேகம்.

நம்ம பக்கம் தேயிலையோடு றப்பரும் இருப்பதால் இந்த விடியக்காலைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வெயில் ஏறுறதுக்கு முன்னால்தான் மரத்தில் பால் நல்லா வடியும். அதனால் பால் வெட்டுறவங்க இருட்டோடு மலைக்குப் போகணும். அதுக்கு முன்னாடி சமைக்கணும், அதுக்கு முன்னாடி தண்ணி எடுக்கணும். குசினிக்குள் ஒரு டெப் வந்தால் முதலில் மிச்சமாகிறது தூக்கம்.

உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கை இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறது. வெளியே போய்த் தண்ணி தூக்கி வருகிற வீட்டில் ஒரு ஆள் ஒரு நாளைக்குப் பாவிக்கிற தண்ணி சுமார் 20 லிட்டர்தான். வளவுக்குள் ஒரே ஒரு குழாய் வந்துவிட்டால் அது சுமார் 50 லிட்டர் ஆகிறது. கை கழுவுறது, பிள்ளையைக் குளிப்பாட்டுறது, சட்டியை ரெண்டு தரம் அலசுறது எல்லாம் அந்த 30 லிட்டர் வித்தியாசத்துக்குள்தான் இருக்கு. அதனால் "லயத்து வீட்டுக்கு எதுக்கு சிங்க்கும் டெப்பும்?" என்று யாராவது கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்லத் தேவையில்லை.

ஆனால் டெப் வேணும் என்பது வேறு, எந்த டெப் என்பது வேறு. ரெண்டாவது கேள்விக்கு நம்ம வீடுகளில் பதில் சொல்கிறது யார்? பெரும்பாலும் காசு அனுப்புகிற மகன், பூட்ட வருகிற பாஸ், கடைக்கார முதலாளி. மூணு பேரும் அந்த டெப்பைத் தினம் திறக்கப் போகிறவங்க இல்லை. திறக்கப் போகிற அம்மாவிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்கிறது, பூட்டி முடிஞ்ச பிறகு. அவங்களும் "நல்லாயிருக்குது மகன்" என்றுதான் சொல்லுவாங்க. வேறென்ன சொல்லுவாங்க?

மிக்சர் டெப் எங்கேயிருந்து வந்தது என்று பார்த்தால் இந்த விஷயம் இன்னும் தெளிவாகும். 1937இல் அல்ஃபிரட் மோயன் என்ற அமெரிக்க இளைஞர் கை கழுவப் போய்ச் சுடுதண்ணியில் கையைச் சுட்டுக்கொண்டார். அந்தக் காலத்து டெப்பில் சுடுதண்ணிக்கு ஒரு திருகு, பச்சைத்தண்ணிக்கு ஒரு திருகு. ரெண்டையும் ஒரே கைபிடியால் கலந்து கட்டுப்படுத்தினால் என்ன என்று யோசித்து, பல வருசம் மினக்கெட்டு, 1947இல்தான் அது விற்பனைக்கு வந்தது. குளிர் நாட்டில், வீட்டுக்குள் ரெண்டு பைப் வருகிற இடத்தில், அது நல்ல விடை. நம்ம குசினியில் அந்தக் கேள்வியே இல்லை. தெஹியோவிட்ட நுவரெலியா இல்லை, இங்கே பாத்திரம் கழுவச் சுடுதண்ணி தேவைப்படுகிறதும் இல்லை. குளிக்கக் கொஞ்சம் வெதுவெதுப்பா வேணும் என்றால் அடுப்பில் ஒரு கேத்தல் வைத்தால் போச்சு.

நம்ம குசினிக்குள் இருக்கிற கேள்விகள் வேறு. ஒண்ணு, தண்ணி எவ்வளவு வேகத்தில் வருது. இன்னொண்ணு, தண்ணியோடு சேர்ந்து என்ன வருது.

வேகத்தைப் பார்ப்போம். நம்ம தோட்டங்கள் பலவற்றில் தண்ணி வருகிறது மலை ஊற்றிலிருந்து. ஊற்றை மறிச்சு ஒரு தாங்கி, அங்கிருந்து கறுப்புப் பைப், அது கிளை கிளையாகப் பிரிஞ்சு லயங்களுக்கு. மோட்டர் இல்லை, கரண்ட் இல்லை, உயரம்தான் எல்லாம். தாங்கியிலிருக்கிற தண்ணி மட்டத்துக்கும் உங்க டெப்புக்கும் நடுவில் நேர் உயரம் பத்து மீற்றர் என்றால் அழுத்தம் கிட்டத்தட்ட ஒரு பார். ஒரு மீற்றர் என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு. பைப் எவ்வளவு தூரம் சுத்தி வந்தாலும் அழுத்தத்தை உண்டாக்குகிறது அந்த நேர் உயரம் மட்டும்தான். நீளமும் வளைவும் அதிலிருந்து கொஞ்சம் தின்றுவிடும்.

இப்போ ஒரே தோட்டத்தில் ரெண்டு வீட்டை நினைச்சுப் பாருங்க. மேல் லயம் தாங்கிக்கு நாலு மீற்றர் கீழே, கீழ் லயம் முப்பது மீற்றர் கீழே. மேல் லயத்தில் 0.4 பார், கீழ் லயத்தில் 3 பார். ஒரே ஊற்று, ஒரே பைப், ஆனால் ரெண்டு வீட்டுக்கும் ஒரே டெப் சரிவராது. மிக்சர் டெப் வருகிற பெட்டியின் பக்கத்தில் பல நேரம் குறைந்தபட்ச அழுத்தம் அச்சடிச்சிருக்கும், 0.5 பார் அல்லது 1 பார் என்று. மேல் லயத்து வீட்டில் அதைப் பூட்டினால் தண்ணி நூல் மாதிரி வருவது டெப்பின் பிழை இல்லை, பாஸின் பிழையும் இல்லை. அந்த டெப் அந்த வீட்டுக்கானது இல்லை, அவ்வளவுதான். கீழ் லயத்தில் பிரச்சினை தலைகீழ். இராத்திரி எல்லாரும் டெப்பை மூடின பிறகு முழு அழுத்தமும் பைப்பில் நிற்கும். லேசான பிளாஸ்டிக் டெப்பும், சரியாக ஒட்டாத மூட்டும் அப்போதுதான் வெடிக்கும்.

தாங்கியை வீட்டுப் பக்கத்தில் ரெண்டு மீற்றர் ஸ்டேண்டில் வைத்திருக்கிற வீடுகளும் இருக்கு. முறை வைத்துத் தண்ணி விடுகிற தோட்டத்தில் அது நல்ல ஏற்பாடு. தண்ணி வருகிற ஒரு மணித்தியாலத்தில் நிரப்பி வைத்தால் நாள் முழுக்கப் பாவிக்கலாம். ஆனால் அங்கே அழுத்தம் வெறும் 0.2 பார். அதுக்கு வாய் அகலமான சாதா டெப்தான் சரி.

இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். பத்து லிட்டர் வாளி ஒண்ணும் ஃபோனில் இருக்கிற மணிக்கூடும் போதும். இப்போ இருக்கிற பைப்பை முழுசாகத் திறந்து வாளி நிரம்ப எவ்வளவு நேரம் என்று பாருங்க. ரெண்டு நிமிசத்துக்கு மேல போனால், நிமிசத்துக்கு அஞ்சு லிட்டர்கூட வரவில்லை என்று அர்த்தம். அப்படியான வீட்டுக்கு நுனியில் சல்லடை வைத்த டெப்பும் வேண்டாம், இழுத்தால் நீளுகிற ஸ்ப்ரே டெப்பும் வேண்டாம். இதைக் காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் செய்து பாருங்க. பெப்ரவரி, மார்ச் வறட்சியில் ஊற்று மெலிஞ்சு போகும் என்பதையும் மனசில் வைச்சுக்கணும். மே மாத மழையில் பார்த்த வேகத்தை நம்பி டெப் வாங்கக்கூடாது.

அடுத்தது, தண்ணியோடு வருவது. இங்கே மழைக்குக் குறைவில்லை. ஒரு பெரிய மழை பெய்தால் டெப்பில் தேத்தண்ணி நிறத்தில் வரும், மணல் வரும், இலைத்துண்டு வரும், சில நேரம் சின்ன இறால் குஞ்சுகூட வரும். இப்போது வருகிற கால் சுற்று டெப்புகள் பலவற்றுக்குள் ரெண்டு செரமிக் தட்டு ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கித்தான் தண்ணியைத் திறந்து மூடும். சுத்தமான தண்ணியில் அது வருசக்கணக்கில் சொட்டாது. ஆனால் மணல் உள்ளே போய்த் தட்டில் கீறல் விழுந்தால், உள்ளே இருக்கிற கார்ட்ரிட்ஜை முழுசாக மாத்தணும். அதே அளவில் கார்ட்ரிட்ஜ் தெஹியோவிட்ட டவுனில் கிடைக்குமா, அவிசாவளைக்குப் போகணுமா, கொழும்புக்குப் போகணுமா என்பது பெயர் தெரியாத பிராண்டுக்கு யாருக்கும் தெரியாது. அதுவரைக்கும் டெப் சொட்டிக்கொண்டே இருக்கும்.

பழைய திருகு டெப் வேறு மாதிரி. இங்கிலாந்தில் ரோதர்ஹாம் என்ற ஊரில் கெஸ்ட் அன்ட் கிரைம்ஸ் என்ற பித்தளை வார்ப்புக்காரர்கள் 1845இல் காப்புரிமை எடுத்தது அது. கோப்பித் தோட்டத்துக்காக நம்ம முன்னோர் தலைமன்னார் பக்கத்திலிருந்து காட்டு வழியாக நடந்து வந்துகொண்டிருந்த அதே காலம். உள்ளே ஒரு திருகாணி, அதன் நுனியில் ஒரு வோஷர். திருகினால் வோஷர் கீழே இறங்கி ஓட்டையை அடைக்கும். மணல் வந்தால் வோஷர் தேயும். தேய்ந்தால் வோஷரை மட்டும் மாத்தினால் போதும், ஒரு ஸ்பேனரும் பத்து நிமிசமும். (1876இல் கம்பஹா ஹெனரத்கொட தோட்டத்தில் முதல் றப்பர் கன்றுகளை நட்டதிலிருந்து இந்த மண்ணில் றப்பர் இருக்கு. சுத்திவர றப்பர் மரம் நிற்கிற ஊரில் வோஷரை மட்டும் பொலித்தீன் பைக்கற்றில் காசு கொடுத்து வாங்குறோம். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

அதனால் என் கட்சி இது: நம்ம லயத்துக் குசினிக்கு, பச்சைத்தண்ணி மட்டும் வருகிற, நீளமான வளைஞ்ச கழுத்துள்ள, வோஷர் மாத்தக்கூடிய, அரை அங்குலப் பித்தளை டெப்தான் பெரும்பாலும் நல்லது. நுனியில் சல்லடை இருந்தால் கையால் கழட்டிக் கழுவக்கூடியதாக இருக்கணும்.

இதைச் சொன்னவுடனே ஒரு குரல் எனக்கே கேட்குது: "அப்போ லயத்து ஆளுக்கு இது போதும் என்கிறீங்களா?" நியாயமான கோபம். நம்ம ஆட்களுக்கு "இது போதும்" என்று மற்றவங்க தீர்மானிச்ச வரலாறு சின்னது இல்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தை எடுங்க. அதன் 33ஆவது பிரிவு காரணமாகத் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் பணம் செலவழிக்க முடியாத நிலை இருந்தது. தோட்டத்து மக்கள் வாக்குப் போட்டு உறுப்பினர்களை அனுப்பலாம். அந்த உறுப்பினர் தன் லயத்துக்கு ஒரு தண்ணிக் குழாய் போட்டுத்தர முடியாது. இது திருத்தப்பட்டது 2018இல். முப்பது வருசத்துக்கு மேல. அந்த முப்பது வருசமும் "தோட்டம் பார்த்துக்கும், போதும்" என்பதுதான் பதில்.

அதனால் மினுங்குற டெப்பை ஒருத்தர் ஆசைப்பட்டு வாங்கும்போது அதில் ஒரு பதிலடியும் இருக்கு என்பது எனக்குப் புரியுது. அழகா இருக்கணும் என்று ஆசைப்படுறது தப்பே இல்லை. பித்தளை டெப்பிலும் குரோம் பூசினது, மினுங்குறது, வடிவான கழுத்துள்ளது எல்லாம் இருக்கு. நான் சொல்கிறது விலை குறைஞ்சதை எடு என்று இல்லை. நல்ல கனமான பித்தளை டெப் ஒண்ணு, பெயரில்லாத மலிவு மிக்சரைவிட விலை கூடவாகவும் இருக்கலாம். "உங்களுக்கு இது போதும்" என்று தொரை சொல்வதும், "என் தண்ணிக்கு இதுதான் பொருந்தும்" என்று என் அம்மா சொல்வதும் ஒண்ணு இல்லை. ரெண்டாவதைச் சொல்ல அவங்களுக்கு யாரும் இடம் கொடுக்கிறதில்லை என்பதுதான் எனக்குப் பிரச்சினை.

அம்மாமார் சொல்லக்கூடிய விஷயம் எவ்வளவோ இருக்கு. பால் வெட்டுற கத்தியையே முப்பது வருசம் பிடிச்ச கை, அம்பது வயசில் விரல் மடங்காமல் வலிக்கும். சவர்க்காரம் பட்ட ஈரக்கையால் உருண்டைக் கைபிடியைத் திருகச் சொன்னால் வழுக்கும். அந்தக் கைக்கு நாலு காது வைத்த கைபிடியோ, நீளமான நெம்பு மாதிரிக் கைபிடியோ வேணும், புறங்கையால் தட்டினாலே திறக்கிற மாதிரி. கடையில் டெப்பைப் பூட்டாமல் கையில் வைத்துத் திருகிப் பார்க்கலாம். மகன் திருகிப் பார்த்து "லேசாத்தான் இருக்கு" என்றால் அது மகனின் கை.

இன்னொண்ணு பானை. சிங்க்கின் அடியிலிருந்து டெப்பின் வாய் வரைக்கும் எவ்வளவு உயரம்? விசேசத்துக்கு ஆக்குற பெரிய சோத்துப்பானை அதுக்குள் நுழையுமா? குடம் நிமிர்ந்து நிற்குமா? நிற்காவிட்டால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். குசினிக்குள் டெப் இருக்க, குடம் நிரப்ப மட்டும் அம்மா திரும்பவும் வெளிப் பைப்புக்குப் போவாங்க. அப்புறம் கழுத்து எவ்வளவு தூரம் முன்னால் நீளுது என்பது. குட்டைக் கழுத்து என்றால் தண்ணி சிங்க்கின் பின்சுவரில் பட்டுத் தெறிக்கும், பாத்திரத்தைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக் கழுவணும். இதெல்லாம் எந்தப் பெட்டியிலும் அச்சடிச்சிருக்காது. குசினியில் நிக்கிற ஆளுக்குத்தான் தெரியும்.

பூட்டுற விஷயத்திலும் லயத்துக்கென்று ஒரு தனிக் கணக்கு இருக்கு. சுவர் பொது. உங்க சுவரின் மறுபக்கம் இன்னொரு குடும்பம் பாய் விரிச்சுப் படுக்கிறாங்க. சுவருக்குள் பைப்பைப் புதைச்சு அது மெதுவாகக் கசிஞ்சால், முதலில் ஊறுறது பக்கத்து வீட்டுச் சுவர். பழைய கருங்கல் சுவரை வெட்டுறதும் லேசில்லை, வெட்டினால் பலம் போகும். அதனால் பைப்பைச் சுவருக்கு வெளியே கிளிப் அடிச்சுக் கொண்டு போங்க. பார்க்க வடிவில்லை என்று பாஸ் சொல்லலாம். கசிஞ்சால் கண்ணுக்குத் தெரியும், கையால் சரி செய்யலாம். நாளைக்கு ஏழு பேர்ச் காணியில் வீடு கிடைச்சுப் போகவேண்டி வந்தால் கழட்டிக்கொண்டும் போகலாம். சிங்க்கின் ஓட்டையில் நிறுத்துற டெப்புக்குக் கீழே வருகிற வளையுற ஹோஸ்களையும் இதே காரணத்துக்காகத்தான் எனக்குப் பிடிக்காது. அவை கெட்டுப் போவது யாரும் குனிஞ்சு பார்க்காத இடத்தில்.

டெப்புக்கு முன்னால் பைப்பில் ஒரு சின்ன வால்வ் கட்டாயம் போடுங்க. செலவைப் பார்த்து அதைத்தான் முதலில் விடுவாங்க. அது இல்லாவிட்டால் ஒரு வோஷர் மாத்த முழு லயத்துக்கும் தண்ணியை நிறுத்தணும். நிறுத்த ஆள் தேடணும், அனுமதி கேட்கணும், பக்கத்து வீட்டுக்காரர் ஏசுவார். கடைசியில் "சொட்டினா சொட்டட்டும்" என்று விட்டுவிடுவோம். ஒரு துளி கால் மில்லிலிட்டர் என்று வைத்து, செக்கனுக்கு ஒரு துளி சொட்டினால் நாளுக்கு 21 லிட்டருக்கு மேல. மேலே சொன்ன 20 லிட்டரை நினைவிருக்கா? தண்ணி தூக்கி வாழ்கிற ஒரு ஆளின் முழு நாள் தண்ணி, ஒரு வோஷருக்காகக் கானில் போகுது. அந்தத் தண்ணி மேல் லயத்துக்குப் போகவேண்டியதாகவும் இருக்கலாம்.

கான் என்றதும் இன்னொண்ணு. சிங்க் பூட்டுறதுக்கு முன்னால் அழுக்குத் தண்ணி எங்கே போகுது என்று பாருங்க. பைப்பை வெளியே நீட்டிவிட்டு வேலை முடிஞ்சது என்று நினைக்கிற வீடுகளுக்குப் பின்னால் தேங்கி நிற்கிற தண்ணியும் நுளம்பும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத்தான் முதலில் காய்ச்சல் கொடுக்கும்.

கடையில் என்ன பார்க்கிறது? குரோம் பூசினால் எல்லாம் ஒரே மாதிரித்தான் மினுங்கும். நாகக் கலப்பில் வார்த்த டெப்பும் பித்தளை டெப்பும் வெளியில் ஒண்ணுதான். ரெண்டையும் கையில் வைத்துப் பாருங்க, ஒரே அளவுக்குப் பித்தளை கனமாக இருக்கும். காந்தம் கொண்டு போகத் தேவையில்லை, ரெண்டிலும் ஒட்டாது. டெப்பைத் திருப்பி, பைப்பில் பூட்டுற மரைக்கு உள்பக்கம் பாருங்க. பூச்சு படாத இடத்தில் மஞ்சள் தெரிஞ்சால் பித்தளை, மங்கின வெள்ளி நிறம் என்றால் நாகக் கலப்பாக இருக்கலாம். நாகக் கலப்பில் மரை சீக்கிரம் அரிஞ்சு, ஒரு நாள் டெப் கையோடு வந்துவிடும்.

பித்தளையிலும் ஒரு கவனம் வேணும். கடைய லேசாக இருக்க பித்தளையில் கொஞ்சம் ஈயம் கலக்கிறது உண்டு. அமெரிக்காவில் 2014இலிருந்து குடிதண்ணி படுகிற பகுதியில் ஈயம் சராசரி 0.25 சதவீதத்துக்கு மேல இருந்தால் "ஈயமற்றது" என்று விற்க முடியாது. நம்ம கடையில் பெட்டியில் அப்படி எழுதியிருக்கா என்று பாருங்க. எழுதியில்லாவிட்டால் காலையில் முதல் வருகிற தண்ணியைக் கொஞ்ச நேரம் வாளியில் விட்டு, பாத்திரம் கழுவ எடுத்துக்கோங்க. இராத்திரி முழுக்க டெப்புக்குள் நின்ன தண்ணியைக் கைக்குழந்தையின் பால்மாவுக்கு எடுக்கவேண்டாம். ஊற்றுத் தண்ணியைக் கொதிக்க வைத்துக் குடிக்கிற பழக்கம் நம்மகிட்ட இருக்கு, அது கிருமிக்கு. ஈயம் கொதிக்க வைத்தாலும் போகாது.

பிளாஸ்டிக் டெப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல கம்பனி பி.வி.சி. டெப் கெட்டது இல்லை. துரு பிடிக்காது, விலை ஒரு நாள் சம்பளத்துக்குள் அடங்கும். அழுத்தம் குறைஞ்ச மேல் லயத்துக்கு, வெளிப் பைப்புக்கு அது தாராளமாகப் போதும். கீழ் லயத்துக் குசினிக்கு நான் சொல்லமாட்டேன்.

விலையை மறக்க முடியாது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் சுமார் 200 ரூபாவாக இருந்தது, மே மாதம் 360க்குப் போனது. இறக்குமதிச் சாமான் எல்லாம் அன்றைக்கு ஏறினதுதான். தேயிலைத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1000 ரூபாவிலிருந்து 1350 ஆனது 2024 செப்டெம்பரில்தான். அதனால் மூணு வருசத்துக்கு ஒருக்கா புது டெப் வாங்குறது நமக்குச் சரிவராது. பதினஞ்சு வருசம் இருக்கிற, வோஷர் மட்டும் மாத்துற டெப்தான் கடைசியில் மலிவு.

யூடியூபில் பார்த்து வாங்குறவங்களுக்கும் ஒரு விஷயம். தமிழில் டெப் பற்றி வருகிற வீடியோக்களில் நிறைய சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ எடுத்தது. யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல் நிலம், கிணற்றுத் தண்ணி கடினம். டெப் நுனியில் வெள்ளை படியும், சல்லடை அடைக்கும். அவங்க "வினாகிரியில் ஊற வையுங்க" என்கிறது அவங்க தண்ணிக்குச் சரி. நம்ம மலைத்தண்ணியில் அந்த வெள்ளைப் படிவு குறைவு, நமக்கு மணல்தான் எதிரி. நம்ம செலவு வினாகிரிக்குப் போகவேண்டாம், தாங்கியிலிருந்து பைப் தொடங்குற வாயில் ஒரு நல்ல வலைக்கும் மாசத்துக்கு ஒரு தரம் தாங்கி கழுவுறதுக்கும் போகணும். அது ஒரு வீட்டு வேலை இல்லை, லயமே சேர்ந்து செய்யவேண்டியது. இளைஞர் கழகம் என்று பெயர்ப்பலகை வைத்துக் கிரிக்கெட் மட்ச் நடத்துறவங்க ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதுக்கு ஒதுக்கலாம்.

சட்டம் திருந்தி இத்தனை வருசமாச்சு. பிரதேச சபையிடம் தாங்கிக்கும் பைப்புக்கும் எழுத்தில் கேட்கலாம். குசினிக்குள் எந்த டெப் என்பதை நாங்கள் பார்த்துக்கொள்வோம், குசினி வாசல் வரைக்கும் தண்ணி வருவதைச் சபை பார்க்கட்டும்.

வருகிற பொங்கலுக்கு வீட்டுக்குப் போகும்போது டெப் வாங்கிக்கொண்டு போக நினைக்கிறவங்க, கொழும்பிலேயே வாங்கிவிடவேண்டாம். முதலில் வீட்டுக்குப் போங்க. வாளியை வைத்து நேரம் பாருங்க. பெரிய பானையின் உயரத்தை ஒரு நூலில் அளந்து முடிச்சுப் போடுங்க. அப்புறம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போங்க. கடைக்காரர் உங்களைப் பார்த்துத்தான் கதைப்பார். "அம்மாகிட்ட காட்டுங்க முதலாளி" என்று சொல்லிவிட்டு நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க.